உலாவிப் புதுப்பிப்பும் வழுநீக்கக் கருவிகளும்

புது டில்லியின் சாணக்யபுரியில், சாந்திபத் சாலையின் இரு மருங்கிலும் அயல்நாட்டுத் தூதரகங்கள் அமைந்துள்ளன. ஒரு காலத்தில் விசா வேண்டுவோர் இத்தூதரகங்களின் வாயிலில் வரிசையில் நின்று, அச்சிட்ட படிவத்தைப் பெற்று, கையால் நிரப்பிக் கொடுத்தனர். இன்று பல நாடுகளுக்கான விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பி, நேர்காணலுக்குரிய நாளையும் இணையத்திலேயே பெற்ற பின்னரே விண்ணப்பதாரர் வாயிலை அணுக இயலும். மேற்படிப்புக்காகப் புறப்படும் மாணவர் ஒருவர் திருநெல்வேலியிலோ சேலத்திலோ அமர்ந்து இத்தகைய படிவத்தை நிரப்புகிறார் என்று கொள்வோம். மூன்றாம் பக்கத்தின் முடிவில் 'அடுத்து' என்னும் பொத்தானை அழுத்துகிறார், எதுவும் நிகழவில்லை. கல்லூரியில் சேர வேண்டிய நாளோ நெருங்கிக்கொண்டிருக்கிறது.

பக்கம் எங்கே பழுதுற்றது என்று கண்டறியும் பொறுப்பு அத்தளத்தைப் பராமரிக்கும் நிரலாளரைச் சார்ந்தது. அவர் முதலில் நாடுவது உலாவியோடு இணைந்து இயங்கும் வழுநீக்கக் கருவியையே. பக்கத்தின் உள்ளமைப்பை அது விரித்துக் காட்டும்; நிரல் எந்த வரியில் தடைப்பட்டது என்பதையும், பயனரின் கணிப்பொறிக்கும் தொலைவிலுள்ள சேவைக் கணிப்பொறிக்கும் இடையே சென்று வந்த செய்திகளையும் தெரிவிக்கும். மருத்துவருக்கு எக்ஸ்-ரே படம் போன்றது இது. அந்தக் கருவியே அன்று காலை இயங்க மறுத்தால் என்ன செய்வது? நிரலாளர் எதையும் மாற்றவில்லை. முந்திய இரவு உலாவி தானாகவே தன்னைப் புதுப்பித்துக்கொண்டது; அவ்வளவே. இணையத்தின் வழியே பொதுச் சேவைகள் பெருகிவரும் நிலையில், இச்சிறு இடையூறு நிரலாளரின் சொந்தத் தொல்லை என்று ஒதுக்கத்தக்கதன்று.

ஃபயர்பக் கண்ட ஏற்றமும் முடிவும்

உலாவிக்குப் புதிய ஆற்றல் ஒன்றைச் சேர்ப்பதற்காகத் தனியே நிறுவப்படும் சிறு மென்பொருள் 'நீட்சி' எனப்படும். 2006-ஆம் ஆண்டில் ஜோ ஹியூவிட் என்பவர் ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்காக 'ஃபயர்பக்' என்னும் நீட்சியை வெளியிட்டார். ஃபயர்ஃபாக்ஸின் தொடக்கக் காலப் பணியில் பங்கு கொண்டவர் அவர். அதற்கு முன்னர், நிரலில் பிழை எங்குள்ளது என அறிய, வரிகளுக்கு இடையே செய்திப் பெட்டிகள் தோன்றுமாறு கட்டளைகளைச் செருகி, ஒவ்வொன்றாக மூடிப் பார்ப்பதே பெரும்பாலோரின் வழக்கமாக இருந்தது. ஃபயர்பக் வந்த பின்னர், பக்கத்தின் எந்தப் பகுதியையும் சுட்டி, அதன் நிறத்தையோ அகலத்தையோ அங்கேயே மாற்றி விளைவை உடனே காண முடிந்தது. நிரலை எந்த வரியிலும் நிறுத்தி, ஒவ்வோர் அடியாக நகர்த்தவும் முடிந்தது. கட்டணம் எதுவும் இல்லை. உலகெங்கும் வலைத்தளப் பணியாளர்கள் இதனைக் கைக்கருவியாகக் கொண்டனர். பின்னர் வந்த எல்லா உலாவிகளின் உள்ளமைந்த வழுநீக்கக் கருவிகளும் இதன் சாயலிலேயே அமைந்தன எனலாம்.

அந்தக் கருவியின் பின்னாளைய வரலாறு, இக்கட்டுரைப் பொருளுக்கு நல்ல எடுத்துக்காட்டாகும். 2011-ஆம் ஆண்டு வரை ஃபயர்ஃபாக்ஸின் பெரும் பதிப்புகள் நீண்ட இடைவெளிகளில் வெளிவந்தன. அவ்வாண்டு ஜூன் மாதம் ஐந்தாம் பதிப்பு வெளிவந்தது முதல் ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு ஒரு பதிப்பு என்ற முறை புகுத்தப்பட்டது. 2020 முதல் அது நான்கு வாரங்களாகச் சுருங்கியது. ஒவ்வொரு நீட்சியும் தான் எந்தப் பதிப்பு வரை இயங்கும் என்று ஓர் உச்ச எண்ணைத் தன்னுள் எழுதி வைத்திருந்த காலம் அது. உலாவி அந்த எண்ணைக் கடந்ததும், நீட்சியில் குறை ஏதும் இல்லாவிடினும், அது நிறுத்தப்பட்டுவிடும். நீட்சிகளை ஆக்கியோரில் பலர் ஓய்வு நேரத்தில் உழைத்த தன்னார்வலர்கள்; ஆறு வாரத்திற்கு ஒரு முறை எண்ணை உயர்த்துவது அவர்களுக்கு இயலாத செயலாயிற்று. 2012 ஜனவரியில் வெளிவந்த பத்தாம் பதிப்பிலிருந்துதான், மாறாகத் தெரியாத வரை நீட்சிகள் பொருந்துவனவாகவே கொள்ளப்படும் என்று இவ்விதி தளர்த்தப்பட்டது.

எண்ணைத் தளர்த்தலாம், உட்கட்டமைப்பு மாறும்போது அதனைத் தளர்த்த இயலாது. ஃபயர்ஃபாக்ஸின் உள்ளேயிருந்த பழைய வழுநீக்க இணைப்புமுறை கைவிடப்பட்டு, புதிய முறை ஒன்று அமைந்தபோது, ஃபயர்பக்கின் முதன்மைப் பகுதிகளைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. 2014-இல் வெளிவந்த அதன் இரண்டாம் பதிப்பு அவ்வாறு பிறந்ததே. 2016-இல் ஃபயர்ஃபாக்ஸ் தன் வேலையைப் பல செயற்கூறுகளாகப் பிரித்து நடத்தத் தொடங்கியது. ஒரு பக்கம் செயலற்றுப் போனாலும் உலாவி முழுவதும் முடங்காதிருக்க இது உதவியது. ஆனால் உலாவியும் பக்கமும் ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றன என்ற எண்ணத்தில் கட்டப்பட்ட ஃபயர்பக் இப்புதிய முறைக்கு ஒத்துவரவில்லை. அவ்வாண்டின் இறுதியில் அதன் வளர்ச்சிப் பணி முடிவுற்றதாக அறிவிக்கப்பட்டது. 2017 நவம்பர் 14 அன்று வெளியான 57-ஆம் பதிப்பு, பழைய வகை நீட்சிகள் அனைத்தையும் ஏற்க மறுத்தபோது, ஃபயர்பக்கும் நின்றது. அதன் பயன்பாடுகளிற் பல ஏற்கெனவே உலாவியின் உள்ளமைந்த கருவிகளுக்குள் சேர்க்கப்பட்டிருந்தன.

தண்டவாளமும் வண்டியும்

தூதரகங்கள் நிறைந்த இதே சாணக்யபுரியில், 1977-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேசிய இரயில் அருங்காட்சியகம் உள்ளது. அங்குள்ள காட்சிப் பொருள்களில் பாட்டியாலா சமஸ்தானத்தின் ஒற்றைத் தண்டவாள நீராவி வண்டியும் ஒன்று. சுமையின் பெரும்பகுதியை ஒரே தண்டவாளத்தின் மீதும், சமநிலைக்காக ஒரு பெரிய சக்கரத்தைச் சாலையின் மீதும் வைத்து ஓடிய விந்தையான அமைப்பு அது. 1907-இல் தொடங்கி 1927-இல் நின்றது. அதன் எஞ்சின் சீரமைக்கப்பட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது; எனினும் அருங்காட்சியக வளாகத்திற்கு வெளியே அது ஓடுவதற்குப் பாதை இல்லை. 1992-இல் ஒரே அகலப் பாதைத் திட்டம் தொடங்கப்பட்ட பின்னர் மீட்டர் கேஜ் பெட்டிகளுக்கு நேர்ந்ததும் இத்தகையதே. பெட்டி உறுதியாகத்தான் இருந்தது. அடியிலிருந்த பாதை மாறிவிட்டது.

புதுப்பித்தலுக்குப் பின் நீட்சி செயலிழக்கும்போது, 'நீட்சி பழுதாகிவிட்டது' என்று கூறுவதே வழக்கம். பெரும்பாலான நேர்வுகளில் அவ்வாறு கூறுவது சரியன்று. நீட்சி, உலாவி, பயனர் விவரத் தொகுதி, ஆராயப்படும் பக்கம் ஆகிய நான்கும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன. இவற்றுள் எது நகர்ந்தது என்று காண்பதே முதல் வேலை. இதை விடுத்து, நீட்சியை நீக்கி மீண்டும் நிறுவுவோரே மிகுதி. அதனால் சில வேளை பயன் விளையலாம். ஆனால் அதில் சேமித்து வைத்திருந்த அமைப்புகள் அழிவதோடு, பழுதுக்கான தடயமும் அழிந்துபோகும்.

பழுதை அறியும் முறை

முதற்கண் உலாவியின் பதிப்பு எண், நீட்சியின் பதிப்பு எண், இவை மாறிய நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்வது நலம். உலாவி மட்டுமே புதுப்பிக்கப்படுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். நீட்சிகளும் தம்போக்கில், பயனர் அறியாமலே புதுப்பிக்கப்படுகின்றன. ஃபயர்ஃபாக்ஸின் உதவிப் பட்டியலில் உள்ள சிக்கல் தீர்வுத் தகவல் பக்கத்தில் பதிப்பு எண்களும் நிறுவப்பட்ட நீட்சிகளின் பட்டியலும் ஒருங்கே கிடைக்கும்.

அடுத்து, மிக எளிய காரணங்களை முதலில் விலக்க வேண்டும். நீட்சி புதுப்பிக்கப்பட்ட வேளையில் திறந்தே இருந்த பக்கங்களில், அதன் பழைய பகுதிகள் தாய் நிரலோடு தொடர்பறுந்து தொங்கிக்கொண்டிருக்கும். பக்கத்தை மீள ஏற்றி, வழுநீக்கப் பலகத்தை மூடித் திறந்தால் இக்குறை தீர்ந்துவிடும். இரண்டு மணி நேரம் தேடிய பின்னர் இதனைக் கண்டுபிடித்தோர் பலர் உண்டு. நீட்சியின் புதிய பதிப்பு கூடுதல் அனுமதி கோரினால், பயனர் இசைவு தரும் வரை குரோம் உலாவி அதனை நிறுத்தி வைக்கிறது. கேள்வி எழுப்பும் சிறு அறிவிப்பு ஒரு மூலையில் கவனிக்கப்படாமலே கிடக்கலாம். மறைநிலைச் சாளரங்களில் நீட்சிகள் தாமாக இயங்குவதில்லை. ஃபயர்ஃபாக்ஸில் 2019 மே மாதத்திய 67-ஆம் பதிப்பு முதல் இதுவே நிலை. கணிப்பொறியிலேயே சேமிக்கப்பட்ட கோப்புகளைத் திறந்து ஆராய்வதற்கும் குரோமில் தனி அனுமதி தரவேண்டும். அலுவலகக் கணிப்பொறிகளாயின், நிர்வாகத்தின் கொள்கை விதிகள் நீட்சியைத் தடுத்திருக்கலாம். 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்ற வரி உலாவியின் பட்டியலில் தென்பட்டால், நிரலை ஆராய்வதைவிடக் கணிப்பொறிப் பிரிவுக்கு ஒரு குறிப்பு அனுப்புவதே விரைவான வழியாகும்.

இவையெல்லாம் இல்லையெனில் பிரித்தறியும் சோதனை தேவை. ஃபயர்ஃபாக்ஸில் முன்பு பாதுகாப்பு முறை எனவும், இப்போது சிக்கல் தீர்வு முறை எனவும் வழங்கும் நிலையில் உலாவியைத் தொடங்கினால் நீட்சிகள் யாவும் நிறுத்தப்படும். இங்கே ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. அந்நிலையில் ஆராயப்படும் வழுநீக்க நீட்சியும் நின்றுவிடுவதால், பக்கத்தின் குறைக்கு நீட்சிகள் காரணமா என்பதை மட்டுமே அச்சோதனை கூறும். வழுநீக்க நீட்சி ஏன் இயங்கவில்லை என்பதைக் கூறாது. அதனை அறிய வேண்டுமாயின், புதிய பயனர் விவரத் தொகுதி ஒன்றை ஆக்கி, அதில் அந்த ஒரு நீட்சியை மட்டும் நிறுவிப் பார்க்க வேண்டும். அங்கே இயங்கினால் குறை பழைய தொகுதியிலோ வேறொரு நீட்சியின் குறுக்கீட்டிலோ உள்ளது. பழைய தொகுதிக்குத் திரும்பி, பிற நீட்சிகளிற் பாதியை நிறுத்தியும், பின்னர் எஞ்சியதிற் பாதியை நிறுத்தியும் வந்தால், முப்பத்திரண்டு நீட்சிகள் இருந்தாலும் ஐந்தே முயற்சிகளில் குற்றவாளி அகப்படும். புதிய தொகுதியிலும் இயங்காவிடில், உலாவியின் மாற்றமே காரணம் என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

'பெரும்பாலும்' என்று கூறக் காரணம் உண்டு. பக்கமும் மாறியிருக்கலாம். ரியாக்ட், வியூ போன்ற நிரற்சட்டங்களுக்கெனத் தனி வழுநீக்க நீட்சிகள் உள்ளன. பொதுமக்கள் பயன்பாட்டுக்கு அனுப்பப்படும் சுருக்கிய பதிப்பில் வியூ கருவி இயல்பாகச் செயற்படாது. வளர்ச்சிப் பதிப்பில்தான் செயற்படும். தளம் வெளியிடப்பட்ட நாளும் உலாவி புதுப்பிக்கப்பட்ட நாளும் ஒன்றாக அமைந்துவிட்டால், பழி தவறான இடத்தில் விழும். நன்றாக இயங்குவதாக அறியப்பட்ட வேறொரு பக்கத்தில் கருவியைச் சோதிப்பது இதற்காகவே.

வழுநீக்கக் கருவியும் ஒரு நிரல்தான். ஆகவே அதனையும் வழுநீக்கம் செய்யலாம். இதனை அறியாதோர் இன்னும் பலர். குரோமின் நீட்சிகள் பக்கத்தில் நிரலாளர் நிலையை இயக்கினால், நீட்சியின் பிழைக் குறிப்புகளையும் அதன் பின்னணி நிரலையும் திறந்து காணலாம். ஃபயர்ஃபாக்ஸிலும் இதற்கெனத் தனிப் பக்கம் உள்ளது. குரோம் நீட்சிகளுக்கான மூன்றாம் விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்த பின்னர் இச்சோதனையின் தேவை மிகுந்துள்ளது. முன்னர் நீட்சியின் பின்னணிப் பகுதி உலாவி மூடப்படும் வரை விழித்திருக்கக்கூடியதாயிருந்தது. புதிய விதிப்படி, வேலையின்றி முப்பது விநாடி கழிந்தால் அது உறக்கத்திற்கு அனுப்பப்படுகிறது. தான் கண்டவற்றை நினைவில் மட்டும் வைத்திருந்த நீட்சி, விழிக்கும்போது அனைத்தையும் மறந்திருக்கும். 'சற்று நேரம் இயங்குகிறது, பிறகு நின்றுவிடுகிறது' என்னும் முறையீட்டுக்கு இது ஒரு முக்கிய காரணமாகும். இரண்டாம் விதித்தொகுப்பில் எழுதப்பட்ட நீட்சிகளை விலக்கும் பணி 2024-இல் தொடங்கி, 2025-இல் பொதுப் பயனர்களிடம் முடிவுக்கு வந்தது.

பழைய பதிப்பில் தங்கிவிடலாமா?

இந்நிலையில் பலரும் நாடும் குறுக்குவழி, உலாவியின் பழைய பதிப்புக்குத் திரும்பி, தானியங்குப் புதுப்பித்தலை நிறுத்திவிடுவது. நம் நாட்டு அலுவலகங்களுக்கு இவ்வழி புதிதன்று. மின்னணுக் கொள்முதல் முதலான பல பணிகளில் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படியான இலக்கமுறைக் கையொப்பம் இடுவதற்கு, உலாவிக்குள் இயங்கும் ஜாவா ஆப்லெட்டுகள் பயன்பட்டு வந்தன. 2015 செப்டம்பரில் குரோமும், 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸும் அத்தகைய செருகுநிரல்களுக்கான ஆதரவை விலக்கின. ஒப்பந்தப்புள்ளி அளிக்க வேண்டிய சிறு தொழில்முனைவோர் இதற்கெனவே பழைய உலாவி ஒன்றைத் தனிக் கணிப்பொறியில் காத்து வந்தனர். உலாவிக்கு வெளியே தனியாக இயங்கும் கையொப்ப மென்பொருள் பரவிய பின்னரே இந்நிலை மாறியது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரையே நம்பியிருந்த தளங்களும் 2022 ஜூன் 15 அன்று அவ்வுலாவிக்கான ஆதரவு முடிவுற்றபோது இதே இக்கட்டைச் சந்தித்தன. இந்திய அரசு வலைத்தளங்களுக்காக 2009-இல் வெளியிடப்பட்ட வழிகாட்டு நெறிகள், தளங்களைப் பல உலாவிகளில் சோதிக்க வேண்டும் என்று வலியுறுத்தியதன் பொருத்தம் அப்போது விளங்கிற்று.

பழைய பதிப்பில் தங்குவதால் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்காமற் போகும் என்பது அனைவரும் அறிந்ததே. அதிகம் அறியப்படாதது ஒன்றுண்டு. நீட்சிகள் உண்மையானவை என்று சான்றளிக்கும் மின்னணுச் சான்றிதழ்களுக்கும் காலாவதி நாள் உண்டு. 2019 மே மாதத் தொடக்கத்தில் இத்தகைய இடைநிலைச் சான்றிதழ் ஒன்று காலாவதியானபோது, உலகெங்கும் ஃபயர்ஃபாக்ஸ் நீட்சிகள் ஒரே இரவில் செயலற்றன. அன்று எந்தப் பதிப்பும் மாறவில்லை. நாட்காட்டி மட்டுமே மாறியது. ஓரிரு நாட்களில் திருத்தப் பதிப்பு வந்தது. 2025 மார்ச் 14 அன்று மற்றொரு வேர்ச்சான்றிதழ் காலாவதியாயிற்று. இம்முறை மோசில்லா முன்கூட்டியே எச்சரித்திருந்தது. 128-ஆம் பதிப்புக்கு அல்லது நீண்டகால ஆதரவுப் பதிப்பு 115.13-க்கு முற்பட்ட உலாவிகளை வைத்திருந்தோரே இன்னலுக்கு உள்ளாயினர். கருவியைக் காப்பதற்காகப் பழைய உலாவியைப் பிடித்து வைத்திருந்தோர், அதனாலேயே கருவியை இழக்க நேர்ந்தது. மேலும், புதிய பதிப்பு ஒருமுறை திறந்த பயனர் விவரத் தொகுதியைப் பழைய ஃபயர்ஃபாக்ஸ் ஏற்பதில்லை. எனவே பின்னோக்கிச் செல்வதும் எளிதன்று.

மறுபுறம், புதுப்பித்தல்கள் யாவும் நன்மையே பயக்கும் எனக் கொள்வதும் பிழை. 2017 ஆகஸ்டில், பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் குரோமில் பயன்படுத்திய 'வெப் டெவலப்பர்' என்னும் நீட்சியின் ஆசிரியர், போலி மின்னஞ்சல் ஒன்றினால் ஏமாற்றப்பட்டார். அவருடைய கணக்கு களவாடப்பட்டு, விளம்பரங்களைப் புகுத்தும் கேடான பதிப்பு ஒன்று புதுப்பித்தல் என்ற பெயரில் பயனர்களைச் சென்றடைந்தது. சில மணி நேரத்தில் அது திருத்தப்பட்டது. வழுநீக்க நீட்சிக்கு ஏறத்தாழ எல்லாப் பக்கங்களையும் படிக்கும் உரிமை தரப்படுகிறது என்பதை நினைவிற்கொண்டால் இதன் கடுமை புலனாகும். விண்ணப்பதாரரின் கடவுச்சீட்டு எண் தோன்றும் பக்கத்தில் இத்தகைய நீட்சியுடன் பணிபுரிவது அஞ்சத்தக்கது. உண்மையான தரவுகளைக் கையாளும் உலாவித் தொகுதியையும், வழுநீக்கத்திற்கான தொகுதியையும் தனித்தனியே வைத்திருப்பது அலுவலகங்களில் கட்டாயமாக்கப்பட வேண்டிய ஒழுங்காகும்.

செலவு யாருடையது?

ஃபயர்பக் போன்ற கருவிகள் பொருளாதார நூலோர் கூறும் பொதுப் பண்டத்தின் இயல்புடையவை. பயன்பெறுவோர் கணக்கற்றோர், பேணுவோர் விரல்விட்டு எண்ணத்தக்கோர். விலை இல்லை என்பதால் செலவு இல்லை என்றாகாது. உலாவி நிறுவனம் தன் வேகத்தைக் கூட்டுந்தோறும், அதற்கு ஈடுகொடுக்கும் செலவு நீட்சியின் ஆசிரியர்மீது விழுகிறது. அவர் தளர்ந்து விலகினால், அது வலைத்தளப் பணியாளர்மீதும், இறுதியில் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் காத்திருக்கும் மாணவர்மீதும் விழுகிறது. வலைத்தளம் அமைப்பதற்கான மதிப்பீடுகளில் இக்கருவிப் பராமரிப்புக்கென நேரமோ நிதியோ ஒதுக்கப்படுவது அரிது. தளம் திறக்கப்பட்டதும் பணி முடிந்தது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. பாலம் கட்டுவோர் ஆண்டுப் பராமரிப்புக்குத் தலைப்பு ஒதுக்குகின்றனர். வலைத்தளத்திற்கு அது ஏன் கூடாது என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வியே.

செய்யத்தக்கவை மிகுந்த செலவை வேண்டுவன அல்ல. உலாவிகளின் முன்னோட்டப் பதிப்புகள் பொதுவெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்பே எவர்க்கும் கிடைக்கின்றன. ஒரு கணிப்பொறியில் அதனை நிறுவி, குழுவின் கருவிகளை வாரம் ஒருமுறை சோதித்துவந்தால், வரவிருக்கும் பழுது ஒரு மாதம் முன்னரே தெரியவரும். அடிக்கடி மாறுவதை விரும்பாத அலுவலகங்களுக்கு ஃபயர்ஃபாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஏற்றது. பாதுகாப்புத் திருத்தங்களைப் பெற்றுக்கொண்டே, பெரும் மாற்றங்களை ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் சந்திக்கலாம். உள்ளமைந்த கருவிகளால் இயலும் பணிக்கு நீட்சியை நாடாதிருப்பதும் ஒரு சிக்கனமே. நீட்சியின் ஆசிரியர்க்கு முறையீடு அனுப்புவோர் 'இயங்கவில்லை' என்று ஒரு சொல்லில் நிறுத்தாமல், பதிப்பு எண்கள், புதிய பயனர் தொகுதியில் கண்ட விளைவு, குறையைத் தோற்றுவிக்கும் மிகச் சிறிய பக்கம் ஆகிய மூன்றையும் இணைத்தால், திருத்தம் விரைவில் வரும்.

2023 ஆகஸ்டில் மத்திய அரசின் மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் இந்திய உலாவி உருவாக்கத்திற்கான போட்டி ஒன்றை அறிவித்தது. 2025 மார்ச்சில் வெளியான முடிவில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோஹோ நிறுவனம் ஒரு கோடி ரூபாய் முதற்பரிசைப் பெற்றது. அந்நிறுவனம் 2023-இலேயே வெளியிட்டிருந்த 'உலா' என்னும் உலாவி, குரோமுக்கும் அடித்தளமாகவுள்ள குரோமியம் மென்பொருளின்மீது கட்டப்பட்டதாகும். ஆகவே குரோமுக்கென எழுதப்பட்ட நீட்சிகள் அதிலும் இயங்குகின்றன. அதே காரணத்தால், குரோமியத்தில் நேரும் உள்மாற்றங்கள் அதனையும் வந்தடையும். உள்நாட்டு உலாவியைத் தம் அலுவலகங்களில் ஏற்கவிருப்போர், தத்தம் வழுநீக்கக் கருவிகளை அதன் ஒவ்வொரு பதிப்பிலும் சோதிக்கும் பட்டியலை இப்போதே எழுதத் தொடங்கலாம்.